குழாய் பதித்தவர்கள் அறுவடைக்கு இருப்பதில்லை

வயல்நீர்க் குழாய் என்பது ஓரடி நீள பிவிசி குழாய்த் துண்டு. கீழ்ப்பாதியில் சுற்றிலும் சின்னச் சின்னத் துளைகள் போட்டிருக்கும். வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, துளை உள்ள பாதி சேற்றுக்குள் இறங்கும்படி பதிக்க வேண்டும். உள்ளே ஏறிய மண்ணைக் கையை விட்டு அள்ளிப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. மண்ணுக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில் குழாய்க்குள்ளும் நிற்கும். வயலின் மேல்பரப்பு காய்ந்து மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டிருக்கும். குழாய்க்குள் குனிந்து பார்த்தால் நான்கு விரல் கீழே தண்ணீர் பளபளக்கும். அது 15 செ.மீ. ஆழத்துக்கு இறங்கும்வரை மோட்டார் போட வேண்டாம். இறங்கிய பிறகு 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. அவ்வளவுதான்.

நம் விவசாயிகளுக்கு இது புது விஷயமும் இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று காலங்காலமாகச் சொல்லிவருவதுதான். எவ்வளவு காயலாம் என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது மட்டுமே குழாயின் வேலை.

நெல் விளையும் பகுதிகளில் இந்தக் குழாயைப் பதித்துக் காட்டுகிறவர்களில் கணிசமானவர்கள் வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள். ஊரக வேளாண்மைப் பணி அனுபவத் திட்டத்தில் கிராமத்தில் தங்கிப் படிக்க வந்தவர்கள். அவர்கள் வாயில் அது ‘ராவே’. பத்துப் பதினைந்து விவசாயிகளை வரப்பில் நிற்க வைத்து விளக்குவார்கள். ஒரு போட்டோ எடுப்பார்கள். மறுநாள் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் ‘வேளாண் கல்லூரி மாணவிகள் செயல்விளக்கம்’ என்று நான்கு வரி வரும். இந்தச் செய்தியைப் பார்க்காத தமிழ் வாசகர் குறைவு. ஆனால் அந்தக் குழாய் அதற்கப்புறம் என்ன ஆனது என்று ஐந்தாவது வரி வந்து நான் பார்த்ததில்லை.

அந்த ஐந்தாவது வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பருவநிலைக்கு இசைந்த விவசாயத்தில் மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, சேர்த்து என்ன வேலை கொடுப்பது? ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவது’ என்பதே இன்றுவரை வருகிற பதில். என் கருத்து வேறு. விவசாயிக்கு விழிப்புணர்வுக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. அளந்து, தேதி போட்டு, எழுதி வைக்கத்தான் அவருக்கு ஆள் இல்லை. மாணவர்களால் மற்ற எல்லோரையும்விட நன்றாகச் செய்யக்கூடிய வேலையும் அதுதான்.

முதலில், நெல் வயலுக்கும் பருவநிலைக்கும் என்ன சம்பந்தம் என்று பார்த்துவிடலாம். சேடை ஓட்டி, அதாவது சேறாக உழுது, தண்ணீர் கட்டி நிறுத்திய வயலில், சில நாட்களில் மண்ணிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. காற்றே இல்லாத அந்தச் சேற்றில் வாழக்கூடிய நுண்ணுயிர்கள் சில உண்டு. அவை மட்கும் தாள், வேர், தழை எல்லாவற்றையும் சிதைத்துக் கடைசியில் மீத்தேனாக வெளியே தள்ளுகின்றன. சேற்றில் கால் வைத்தால் கிளம்புகிற குமிழியில் அது இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி குமிழி வழியாக வருவதில்லை, நெற்பயிர் வழியாகவே வருகிறது. தண்ணீரில் நிற்கும் வேருக்கு மேலிருந்து காற்றைக் கொண்டுபோக நெல்லின் தண்டில் குழல் மாதிரியான திசுக்கள் உண்டு. அதே வழியில் கீழிருக்கும் மீத்தேன் மேலே ஏறி வந்துவிடுகிறது.

மனிதச் செயல்களால் காற்றில் சேரும் மீத்தேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களிலிருந்து வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் 80 மடங்கு. ஆனால் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் தங்கும். இன்று குறைத்தால் பலன் நம் ஆயுளிலேயே தெரியும் என்பதால்தான் நெல் வயல் மீது இத்தனை பேர் கண். நடுவில் இரண்டு மூன்று முறை வயலைக் காயவிட்டால் மண்ணுக்குள் காற்று போகிறது, அந்த நுண்ணுயிர்களின் வேலை நின்றுபோகிறது.

எவ்வளவு குறையும்? பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு (ஐபிசிசி) 2019-ல் திருத்தி வெளியிட்ட கணக்கீட்டு முறை இருக்கிறது. தெற்காசியாவில், தழையோ வைக்கோலோ போடாமல் தொடர்ந்து தண்ணீர் நிறுத்திய ஒரு ஹெக்டேர் நெல் வயல் நாளுக்கு 0.85 கிலோ மீத்தேன் விடுகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. 100 நாளுக்கு 85 கிலோ. பலமுறை காயவிட்டால் அதை 0.55 ஆல் பெருக்கச் சொல்கிறது. 47 கிலோவுக்கு வந்துவிடும். மிச்சம் 38 கிலோ. கரியமில வாயுக் கணக்கில் ஹெக்டேருக்கு ஒரு டன்னை ஒட்டி வரும். ஒரு போகத்துக்கு, ஒரு ஓரடிக் குழாயை வைத்துக்கொண்டு.

இந்தக் கணக்கைப் போட என்னென்ன தெரிய வேண்டும் என்று கவனியுங்கள். எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எத்தனை முறை காய்ந்தது, என்ன உரம், எப்போது போட்டது. விலை உயர்ந்த கருவி எதுவும் கேட்கவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டும் ஒரு பேனாவும் போதும். ஆனால் ஒரு குறிப்பிட்ட வயலில் ஒரு போகம் முழுக்க இந்த நான்கையும் எழுதி வைத்திருக்கும் நோட்டை நம் கிராமங்களில் தேடிப் பாருங்கள். அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

நேரடியாக வாயுவை அளக்கும் முறையும் உண்டு. அது முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களின் வேலை. அடியில்லாத அக்ரிலிக் பெட்டி ஒன்றைப் பயிரின் மேல் கவிழ்த்து வைப்பார்கள். அதை உட்கார வைக்கும் சட்டம் முன்கூட்டியே சேற்றில் பதிக்கப்பட்டிருக்கும். பெட்டிக்குள் காற்றைக் கலக்க பேட்டரியில் ஓடும் குட்டி மின்விசிறி. கவிழ்த்தவுடன் ஒரு முறை, அப்புறம் சில நிமிட இடைவெளிகளில் இரண்டு மூன்று முறை, ரப்பர் மூடி வழியாக ஊசி போட்டுக் காற்றை உறிஞ்சிச் சின்னக் குப்பிகளில் அடைப்பார்கள். ஆய்வகத்தில் அதைப் பிரித்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் மீத்தேன் எவ்வளவு ஏறியது என்று தெரியும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெட்டி வரைக்கும் பலகைப் பாலம் போட்டுத்தான் நடக்க வேண்டும். சேற்றில் இறங்கி நடந்தால் குமிழி கிளம்பி அளவே கெட்டுவிடும். வயலைத் தொந்தரவு செய்யாமல் வயலைப் பார்க்கக் கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய படிப்பு!

இனி விவசாயி பக்கம் வருவோம். மாணவர் குழாயைப் பதித்துவிட்டுப் போனபின் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்.

“தம்பி, தண்ணி வடிஞ்சா களை ஏறுமே, அதை யாரு புடுங்குறது?”

“நட்டு ரெண்டு வாரம் தண்ணி கட்டிட்டு அப்புறம் காயவிடலாங்க ஐயா.”

“அது சரி. ஆத்துத் தண்ணி முறை வச்சு விடுறான். நான் காயப்போட்டு, நாளைக்கு எனக்குத் தண்ணி வரலேன்னா?”

முதல் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது மரபு; அந்தத் தேதிக்குத் திறக்காத ஆண்டுகள் எத்தனையோ. திறந்தாலும் வாய்க்காலில் முறைப்பாசனம் வந்துவிட்டால் அடுத்த முறை எப்போது என்று கடைமடைக்காரருக்கு உறுதி கிடையாது. வயலில் நிற்கும் தண்ணீர் அவருக்குக் கையிருப்பு. அதை வேண்டுமென்றே வற்றவிடச் சொல்வது, சம்பளம் எப்போது வரும் என்று தெரியாதவரிடம் இருக்கிற பணத்தைச் செலவழிக்கச் சொல்வது போல. பல இடங்களில் வயல் விட்டு வயல் பாய்கிறது. மேல்வயல்காரர் தண்ணீர் விட்டால் கீழ்வயல்காரர் காயவிட நினைத்தாலும் முடியாது. சம்பாவில், ஐப்பசி கார்த்திகை மழையில், கடைமடை வயலைக் காய வைப்பது யாராலும் ஆகாது. வடிந்தால் போதும் என்று வேண்டிக்கொள்ளும் காலம் அது.

ஆழ்துளைக் கிணறு வைத்துக் குறுவை போடுகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மோட்டார் அவர் கையில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விவசாய மின்சாரம் இலவசம். தண்ணீரை மிச்சப்படுத்தினால் நிலத்தடி நீர் மிஞ்சும், மீத்தேன் குறையும். அவர் பையில் உடனடியாக எதுவும் மிஞ்சாது. காய்ச்சலும் பாய்ச்சலும் இங்கே சொல்லிச் சொல்லியும் பரவாததற்கு இந்த ஒரு காரணம் போதும். இலவச மின்சாரத்தை எடுத்துவிடு என்று நான் சொல்ல வரவில்லை. எந்த வயலுக்கு எது பொருந்தும் என்பது அந்த வயலின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ள அங்கே கொஞ்ச நாள் இருக்க வேண்டும்.

இருக்கிறார்களா? இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாவது முதல்வர்கள் குழு வகுத்த பாடத்திட்டத்தில் ராவேவுக்கும் வேளாண் தொழில் பயிற்சிக்கும் சேர்த்து 20 வாரம். அறிமுகத்துக்கு 1, கிராமத்தில் 8, ஆராய்ச்சி நிலையம் அல்லது வேளாண் அறிவியல் நிலையத்தில் 5, பயிர் மருத்துவ மையத்தில் 2, தொழில் நிறுவனத்தில் 3, அறிக்கை எழுத 1. ஆக, ஊரில் இருப்பது 56 நாள். ஆடுதுறை 43 நெல்லுக்கு வயது 110 நாள். சிஆர் 1009 போட்டால் ஐந்து மாதத்தைத் தாண்டும். குறுகிய கால நெல்லைக்கூட பாதி வரைதான் மாணவர் பார்க்கிறார். நடவைப் பார்த்தவர் பால் பிடிப்பதைப் பார்ப்பதில்லை. குழாய் பதித்தவர் அந்த வயலில் மூட்டை கூடியதா குறைந்ததா என்று கேட்க அங்கே இருப்பதில்லை.

இந்த 56 நாளுக்குள் செய்து முடிக்க வேண்டிய பட்டியலும் நீளம். தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவது, பருவ நாட்காட்டி வரைவது, விதை நேர்த்தி, அசோலா தொட்டி, இனக்கவர்ச்சிப் பொறி, இலை வண்ண அட்டை, மண் மாதிரி எடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல்விளக்கம், ஒரு போட்டோ, ஒரு பக்க அறிக்கை. ஊர் வரைபடம் போடுகிற அன்று நடப்பது அருமையாக இருக்கும். பாட்டிமார்கள் வந்து, இந்த இடத்தில் ஒரு குளம் இருந்தது, அதை விட்டுவிட்டீர்களே என்று பொடியை வாங்கித் தாங்களே போடுவார்கள். மாலையில் வண்டி போய், காற்றடித்து, எல்லாம் அழிந்துவிடும். போட்டோவில் குளம் இருக்கும். அந்தக் குளம் எப்போது தூர்ந்தது, அதிலிருந்து எந்த வயலுக்குப் பாய்ந்தது என்பது அறிக்கையில் வராது. அடுத்த ஆண்டு வேறு மாணவர்கள் வந்து அதே தெருவில் அதே வரைபடத்தை முதலிலிருந்து போடுவார்கள்.

இது மாணவர்களின் குற்றம் கிடையாது. நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள் அதிகாலையில் எழுந்து வயலுக்குப் போகிறார்கள், அட்டை கடி வாங்குகிறார்கள், முதல் முறையாக நாற்றுப் பறிக்கிறார்கள். மாறுகிறார்கள், கண்கூடாக. மாணவருக்கு இந்தத் திட்டம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊருக்கும் நல்லதாக ஆக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

இளைஞர்களை வைத்துப் புது விவசாய முறையைப் பரப்பும் யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1902-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் மாணவர்களுக்காக ஒரு விவசாயக் குழு தொடங்கினார். பின்னாளில் 4-ஹெச் என்று வளர்ந்த இயக்கத்தின் தொடக்கம் அது. பெரியவர்கள் பல்கலைக்கழகம் சொல்வதைக் கேட்க மாட்டார்கள், பிள்ளைகள் வீட்டில் செய்து காட்டினால் மாறுவார்கள் என்ற எண்ணம் அந்த இயக்கத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. நம் செயல்விளக்க முறையும் அந்த மரபில் வந்ததுதான். அதில் ஒரு பகுதியை நாம் கோட்டைவிட்டுவிட்டோம். அந்தக் குழுப் பிள்ளைகள் மக்காச்சோளத்தை விதைத்துக் காட்டியதோடு நிறுத்தவில்லை, மண்ணைச் சோதித்தும் பார்த்தார்கள்.

இன்னொரு கதை நமக்கு நெருக்கமானது. மடகாஸ்கரில் பல்லாண்டுகள் வாழ்ந்த பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார் ஆன்ரி த லொலானியே, 1981-ல் அன்ட்சிராபே என்ற ஊரில் கிராமத்து இளைஞர்களுக்காக ஒரு விவசாயப் பள்ளி தொடங்கினார். 1983-ல் அந்தப் பள்ளி வயலில், வழக்கத்தைவிட மிக இளசான 15 நாள் நாற்றை நட வேண்டிய நிலை வந்தது. முதல் சில வாரம் பயிர் சவலையாக நின்றது. அப்புறம் அது தூர் கட்டிய வேகத்தைப் பார்த்து அசந்துபோனார்கள். வேறு யாராக இருந்தாலும் அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பார்கள். அது பள்ளிக்கூடம் என்பதால் அடுத்தடுத்த ஆண்டுகளில் வயதைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, தண்ணீரைக் குறைத்து, தூரை எண்ணி எண்ணிப் பார்த்தார்கள். அதுதான் செம்மை நெல் சாகுபடி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ல் அதைச் சோதிக்கத் தொடங்கியது. பிற்பாடு அரசு அதற்கு ‘ராஜராஜன் 1000’ என்று பெயர் வைத்துப் பரப்பியது. நம் ஊர் ஒற்றை நாற்று நடவுக்குப் பின்னால் ஒரு மாணவர் பண்ணையும், பல ஆண்டுகள் விடாமல் எழுதிய கணக்கும் இருக்கின்றன.

தொடர்ந்து அளக்காவிட்டால் எங்கே தப்பு நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இதைச் சொன்னால் இயற்கை விவசாய நண்பர்கள் சிலர் வருத்தப்படலாம். நானும் அந்தப் பக்கம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும்.

குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது உடனே நடுவதால்தான் இரண்டாம் போகத்துக்குத் தாளடி என்றே பெயர். எரிக்காமல் மண்ணுக்கே கொடுப்பது நல்ல காரியம். ஆனால் மட்காத தாளும் வைக்கோலும் தண்ணீருக்குள் போனால் மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. ஐபிசிசி கணக்குப்படி, ஹெக்டேருக்கு 5 டன் வைக்கோலை நடவுக்கு 30 நாளுக்குள் உழுது சேர்த்தால், எதுவும் போடாத வயலைவிட மீத்தேன் ஏறத்தாழ மூன்று மடங்காகும். அதே வைக்கோலை 30 நாளுக்கு மேல் முன்னதாகவே சேர்த்திருந்தால் ஒன்றரை மடங்குதான். அதே வைக்கோல், அதே வயல். தேதி மட்டும்தான் வேறு. பசுந்தழையுரத்துக்கும் மட்கிய உரத்துக்கும் இதே மாதிரி வித்தியாசம் உண்டு. எடைக்கு எடை பார்த்தால் மட்கிய உரத்தில் பாதிப்பு மிகக் குறைவு.

இதனால் பசுந்தழையுரமான தக்கைப்பூண்டை விதைக்காதே என்று அர்த்தமில்லை. மண்ணுக்கு அது செய்யும் நன்மை வேறு. மடக்கி உழுதபின் எத்தனை நாள் விட்டு நட்டோம், நட்டபின் வயல் காய்ந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காய்ச்சலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காய்வதும் நனைவதுமாக இருக்கும் மண்ணில் யூரியா அதிகம் கிடந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அது கரியமில வாயுவைப்போல 273 மடங்கு. காய்ந்த மண்ணில் யூரியாவை அளவாகத் தூவி உடனே தண்ணீர் கட்டினால் சத்து கீழே இறங்கிவிடும். பல நாள் கழித்துக் கட்டினால் காற்றோடு போகும். இலை வண்ண அட்டையைப் பார்த்துத் தேவைக்கு மட்டும் யூரியா போடுவதும் இங்கேதான் கைகொடுக்கிறது. இங்கேயும் தேதிதான் முக்கியம்.

பாரம்பரிய நெல்லைப் பற்றியும் இதே கவனம் வேண்டும். நெல் ஜெயராமன் 2018-ல் மறையும்வரை 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டார். இரண்டு கிலோ விதை வாங்கிப்போனால் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும் என்ற அவருடைய கணக்கு எவ்வளவு அழகானது! விதையும் பெருகும், யார் பயிரிட்டார் என்ற பதிவும் தானாக வந்துவிடும். வெள்ளத்தில் நிற்கக்கூடிய, வறட்சி தாங்கக்கூடிய ரகங்கள் அவற்றில் இருக்கின்றன. மாறும் பருவநிலையைத் தாக்குப்பிடிக்க அவை வேண்டும். ஆனால் காட்டுயானம் ஆறு மாதப் பயிர். ஆறு மாதம் தண்ணீர் நின்றால் மீத்தேனும் அதற்கேற்பக் கூடும். பருவநிலை மாற்றத்தைத் தாக்குப்பிடிப்பது ஒன்று, அதைத் தணிப்பது வேறொன்று. இரண்டுக்கும் ‘பருவநிலைக்கு உகந்த விவசாயம்’ என்று ஒரே பெயர் வைத்துவிட்டதால் இந்தக் குழப்பம். மாணவர் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இதில் எது என்று எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இயற்கை விவசாய முன்னோடி கோ. நம்மாழ்வாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர், 1960-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே செய்யும் ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவாது என்று கண்டு மூன்று ஆண்டுகளில் வெளியேறினார். ஆராய்ச்சிப் பண்ணையில் விளைந்த முடிவு பக்கத்து ஊர் வயலுக்குப் பொருந்தவில்லை என்பதே அவருடைய முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு இன்றும் பதில் சொல்ல வேண்டிய இடம் விவசாயியின் வயல்தான்.

இந்தக் கணக்குகளுக்கு இப்போது காசும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீத்தேன் குறைத்ததற்குக் கார்பன் கிரெடிட் (காசுக்கு விற்கக்கூடிய உமிழ்வுக் குறைப்புச் சான்று) தருகிறோம் என்று நிறுவனங்கள் நெல் விவசாயிகளைத் தேடி வருகின்றன. 2024 ஆகஸ்டில், கார்பன் கிரெடிட் பதிவு அமைப்பான வெரா, சீனாவில் நடந்த 37 நெல் சாகுபடித் திட்டங்களை விதிமுறைப்படி இல்லை என்று நிராகரித்தது. காகிதத்தில் குறைந்த மீத்தேன் வயலில் குறைந்ததா என்ற சந்தேகத்துக்கு விடை இல்லாமல் போனால் இப்படித்தான் ஆகும். ஹெக்டேருக்கு ஒரு டன் என்பது விவசாயி கைக்கு வரும்போது சின்னத் தொகைதான். அதையும் யார் அளந்தார்கள் என்று தெரியாத எண்ணை நம்பி அவர் கையெழுத்துப் போடக் கூடாது. விற்கிறவராகவும் இல்லாமல் வாங்குகிறவராகவும் இல்லாமல் நடுவில் நின்று எழுத ஒரு ஆள் வேண்டும். கல்லூரி மாணவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை.

சரி, 56 நாளில் 110 நாள் பயிரை எப்படி எழுதுவது? ஒருவரே எழுத வேண்டாம். ஒரே ஊரில் ஐந்தாறு வயலைத் தேர்ந்தெடுத்து ஐந்து ஆண்டுக்கு மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம். ஒரு பேட்ச் கிளம்பும்போது நோட்டை அடுத்தவர்களிடம் வயலில் வைத்தே கொடுக்க வேண்டும். பேட்சுகளுக்கு நடுவில் விழும் இடைவெளியை அந்த ஊர் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும். பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் குழு எத்தனையோ பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5-ல் மரக்கன்று நட்டுக் கைதட்டுவதோடு அதன் ஆண்டு முடிந்துவிடுகிறது. குழாய்க்குள் ஒரு ஸ்கேலை விட்டு எத்தனை சென்டிமீட்டர் என்று பார்க்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் ஆகும். அதற்கு ஒரு மதிப்பெண் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைகூடப் போய்ப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது அவர்கள் அப்பாவின் வயலாகவோ சித்தப்பாவின் வயலாகவோதான் இருக்கும்.

கல்லூரி தரப்பில் ஒரே ஒரு மாற்றம் போதும். பத்துச் செயல்விளக்கத்துக்கு மதிப்பெண் தருவதை மூன்றாகக் குறைத்து, மிச்சத்தை அந்த நோட்டுக்குக் கொடுக்க வேண்டும். ‘விளைச்சல் குறைந்தது’, ‘விவசாயி பாதியில் விட்டுவிட்டார், காரணம் இது’ என்று எழுதினாலும் முழு மதிப்பெண் உண்டு என்று சொல்லிவிட வேண்டும். இப்போதைய அறிக்கைகளில் எல்லாச் செயல்விளக்கமும் வெற்றி, எல்லா விவசாயியும் மகிழ்ச்சி. அப்படிப்பட்ட நூறு அறிக்கையைவிட, ஒரு குறுவையில் ஒரு குழாய் ஏன் பயன்படவில்லை என்று நேர்மையாகச் சொல்லும் ஒரு பக்கம், அடுத்த பேட்சுக்கும் அந்த ஊருக்கும் உதவும்.

நோட்டில் நாளுக்கு ஒரு வரி போதும். தேதி, குழாயில் தண்ணீர் மட்டம், மழை பெய்ததா, மடை திறந்ததா, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது, உரமோ மருந்தோ போட்டதா. கதிர் முற்றியதும் தண்ணீரை வடித்த நாள். பிறகு, அறுவடை இயந்திரம் வயலில் இறங்குவதற்கு முந்தின நாள், அதன் சக்கரத்தில் சிக்காமல் யாராவது அந்தக் குழாயைப் பிடுங்கி, ஒட்டியிருக்கும் சேற்றைக் கழுவி, மோட்டார் கொட்டகைக் கூரையில் சொருகி வைக்க வேண்டும். அந்தத் தேதியும், மறுநாள் எத்தனை மூட்டை என்பதும் கடைசி இரண்டு வரி.